எட்னா வீட்டுத் தரை

எட்னா விடுதியின் விருந்தினர் புத்தகத்தைப் புரட்டினால், அந்த வீட்டில் தரையைத் தவிர வேறு எதுவுமே இல்லையோ என்று தோன்றும். 'இந்தக் கடற்கரையிலேயே வெதுவெதுப்பான தரை' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'மூலை அறையில் வெறுங்காலோடு நடந்தேன், வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள்' என்று ஒரு ஜெர்மன்காரி. பறவை பார்க்க வந்த ஒரு கிழவர் பறவையைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. தன் இரண்டு பாதங்களையும் படமாக வரைந்து, மேலே ஒரு சூரியனையும் போட்டுவிட்டுப் போயிருந்தார். மாவிஸ் விடியலில் எழுந்து சுடும் பேனக் ரொட்டியைப் பற்றி மூன்று வருடத்தில் இரண்டே பேர்தான் எழுதியிருக்கிறார்கள். அதிலும் ஒருவர் உப்பு அதிகம் என்று எழுதியிருந்தார்.

மாவிஸுக்கு அதில் வருத்தமில்லை. வடதுருவக் கடலோரத்தில் இருக்கும் எங்கள் நுவுராக்கில் வீடுகள் எல்லாம் மரத்தூண்கள்மேல் நிற்கின்றன. அடியில் காற்று புகுந்து புறப்படும். தரை என்றால் சில்லென்றுதான் இருக்கும், கம்பளிக் காலுறை என்றால் இரண்டு ஜோடி. அப்படிப்பட்ட ஊரில் தன் வீட்டில் மட்டும் விருந்தாளிகள் வெறுங்காலோடு திரிகிறார்கள் என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

எட்னா அவளுடைய அம்மா. இறந்து மூன்று வருடமாகிறது. அதுவரை மாவிஸ் இனுவிக் ஊரில் ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். அடக்கத்துக்கு வந்த இடத்தில், அப்பா ஈனோக் மூன்று வேளையும் கருவாட்டையும் தேநீரையுமே வைத்துக்கொண்டு ஒண்டியாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். திரும்பிப் போகவில்லை. அம்மா நடத்திய மூன்று அறை விடுதியைத் தானே எடுத்துக்கொண்டாள். முதல் நாள் அம்மா படுத்திருந்த மூலை அறையில் கால் வைத்ததும் அசந்துபோனாள்.

"என்னப்பா, தரை இப்படிச் சூடா இருக்கு? சின்ன வயசுல இதுல கால் வைக்க முடியாதே?"

"பலகைக்கு அடியில பஞ்சு அடைச்சேன்," என்றார் ஈனோக்.

அவ்வளவுதான். ஈனோக் எந்த விஷயத்துக்கும் ஒரு வாக்கியத்துக்கு மேல் செலவழிக்க மாட்டார். அதோடு, இருபத்திரண்டு வருடம் ஊரில் பாதி வீடுகளுக்குத் தூண் இறக்கிய மனிதர் அவர். அவர் பஞ்சு அடைத்தேன் என்றால் அடைத்திருப்பார். அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது அந்த வீட்டுக்கே ஆபத்து வந்திருந்தது. வீடு நிற்பது ஊரின் முனையில், கடலுக்கு எதிரே. வருடா வருடம் செப்டம்பர் புயலில் கரை உடைந்து விழுகிறது. அம்மா இருந்தபோது வாசலிலிருந்து விளிம்புக்கு அறுபது அடி. மாவிஸ் ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயத்துக்குப் போகும் முன் காலால் அளந்து பார்ப்பாள். இப்போது இருபத்தாறு. முனையில் மிச்சமிருப்பது ஏழு வீடுகள். வருகிற ஏப்ரலில், நிலம் இறுகிக் கிடக்கும்போதே, அவற்றை ஜாக்கி வைத்துத் தூக்கி, இரும்புச் சறுக்குக் கட்டைகள்மேல் ஏற்றி, புல்டோசரால் இழுத்து உள்மேட்டில் கொண்டுபோய் வைக்கப்போகிறார்கள். எந்த வீடு அந்தப் பயணத்தைத் தாங்கும், எது தாங்காது என்று பார்த்துப் பட்டியல் போட ஒரு பொறியாளர் வருகிறார். பட்டியலில் இல்லாத வீட்டை, கடல் இழுத்துப் போவதற்கு முன் ஆகஸ்டில் பிரித்துப்போட்டுவிடுவார்கள். பிறகு ஈனோக் முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். மாவிஸ் பழையபடி சலவைக்கூடத்துக்கு.

வருகிற பொறியாளர் எங்கே தங்குவார்? ஊரில் இருப்பதே ஒரு விடுதிதான்.

அவர் வரவேண்டிய நாளன்று காலையில் லோர்ன் வந்தான். தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வாரம் மூன்று முறை வீட்டுத் தொட்டியை நிரப்புவான், கூடவே ஊர்க்கதையையும் நிரப்பிவிட்டுத்தான் போவான். ஏப்ரலில் வீடுகளைத் தூக்கப்போகும் ஆட்களில் அவனும் ஒருவன்.

"அக்கா, உன் வீடு வருஷா வருஷம் எனக்கு மரியாதை கூட்டிக்கிட்டே போகுது தெரியுமா?" என்றான், மூலை அறைச் சுவரில் இருந்த குழாய்வாயில் தன் ரப்பர் குழாயைத் திருகிக்கொண்டே.

"என்னடா உளர்ற?"

"முன்னெல்லாம் இந்தக் குழாய்க்கு நான் கையைத் தலைக்கு மேல தூக்கணும். இப்ப பாரு, என் நெஞ்சு வரைக்கும் குனிஞ்சு கும்பிடு போடுது."

"நீதான் பனிக்குவியல் மேல ஏறி நிக்கறே. இறங்கி நின்னு பாரு."

"இறங்கித்தான் நிக்கறேன்." லோர்ன் சிரித்தான். "ஈனோக் தாத்தா வீடே சாயுதுன்னா எங்க வீடெல்லாம் என்னத்துக்கு ஆகும்? எங்கப்பா வீட்டுக்கு அடியில நாலு பெட்டி அடுக்கினதுக்கு உங்கப்பா வந்து கத்தின கத்து இன்னும் காதுல கேக்குது. 'கீழ காத்து போகணும்டா! மண்ணு உறைஞ்சே கிடக்கணும்டா! உன் நாலு பெட்டிக்காக வீட்டைக் கொல்லாதே!' எங்கப்பா ஒரு வாரம் வெளிய தலைகாட்டல."

மாவிஸ் சிரித்துவைத்தாள். உள்ளே வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூலை அறைக் கதவு அடிக்கடி சிக்கிக்கொள்வது அவளுக்குத் தெரியும். வாணலியில் எண்ணெய் ஒரு பக்கமாகவே ஒதுங்குவதும் தெரியும். அடுப்பின் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்து ஒப்பேற்றியிருந்தாள். கரை முழுவதுமே இளகிக்கொண்டிருக்கிறது, தன் வீடு மட்டும் விதிவிலக்கா என்று சமாதானமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பொறியாளரின் பெயர் ட்ரெவர். ஐம்பது வயதுக்காரர். நியூஃபவுண்ட்லாந்தில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். தெற்கிலிருந்து வருகிறவர்களைப் போல வாசலில் நின்றுகொண்டு குளிரைப் பற்றிப் பேசவில்லை. பூட்ஸைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "சூப் வாசனை தெரு வரைக்கும் வருதே," என்றார். அந்த ஒரு சொல்லிலேயே மாவிஸுக்கு நம்பிக்கை முளைத்துவிட்டது. எந்த அறையைக் கொடுப்பது என்று அவள் யோசிக்கவே இல்லை. இருப்பதிலேயே நல்ல அறை மூலை அறை.

"அவருக்கு நடு அறையைக் குடு," என்றார் ஈனோக், தலை நிமிராமல்.

"ஏன்ப்பா? நம்ம வீட்டுக்கே தீர்ப்பு எழுதப்போற மனுஷன். அவருக்குப் போய் நடு அறையா?"

ட்ரெவரின் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டுபோய் மூலை அறையில் வைத்தாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு கரிபு மான் சூப்பும், வெள்ளைமீனும், சின்னதாக நறுக்கிய திமிங்கிலத் தோலும் வைத்தாள். ட்ரெவர் திமிங்கிலத் தோலை முகம் சுளிக்காமல் மென்றார், இன்னொரு துண்டும் எடுத்துக்கொண்டார். காலில் வெறும் பருத்திக் காலுறை.

"ஒண்ணு கேக்கணும் மாவிஸ்," என்றார். "அந்த ரூம் தரை..."

"எல்லாரும் இதையேதான் கேப்பாங்க!" மாவிஸ் எழுந்து ஓடிப்போய் விருந்தினர் புத்தகத்தை எடுத்து வந்து அவர் முன்னால் விரித்தாள். "படிச்சுப் பாருங்க. எங்கப்பா கைவேலை."

ட்ரெவர் முதல் பக்கத்தைச் சிரித்துக்கொண்டே படித்தார். பாதப் படத்தைப் பார்த்துச் சத்தமாகவே சிரித்தார். பிறகு பக்கங்களைத் திருப்பத் திருப்ப அவர் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கிக்கொண்டே வந்தது. எழுத்தைப் படிப்பதை விட்டுவிட்டுத் தேதிகளைப் பார்க்க ஆரம்பித்தார்.

"மூணு குளிர்காலமாவா?"

"மூணு குளிர்காலமா. ஒரு நாள்கூட சில்லிட்டது கிடையாது."

ஈனோக் கரண்டியைக் கீழே வைத்தார். எழுந்துபோய்த் தன் கிண்ணத்தைத் தானே கழுவினார். எழுபத்திரண்டு வயதில் அவர் கிண்ணம் கழுவி மாவிஸ் பார்த்தது அன்றுதான். அதையும் அவள் நல்ல சகுனமாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ட்ரெவர் மற்ற ஆறு வீடுகளையும் பார்த்தார். இந்த வீட்டைக் கடைசியாக வைத்துக்கொண்டார். அதற்கடுத்த நாள் பனிப்புயல் பிடித்துக்கொண்டது. இனுவிக் சாலையை மூடிவிட்டார்கள். வாசல் விளக்கே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த நாள் முழுவதும் மூவரும் அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தார்கள். உள்ளூர் வானொலியில் பிங்கோ ஓடியது. ட்ரெவரும் மாவிஸிடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டார். ஒரே ஒரு எண்ணில் தோற்றுவிட்டு மேசையில் ஓங்கிக் குத்தினார். மாவிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். இப்படிப்பட்ட மனுஷர் கைவிடுவாரா என்று தோன்றியது அவளுக்கு. உள்மேட்டில் வீட்டை எந்தப் பக்கம் பார்த்து வைக்கச் சொல்லலாம், மூலை அறையிலிருந்து கடல் தெரியுமா என்றெல்லாம் மனம் போக ஆரம்பித்துவிட்டது.

அன்று இதற்கெல்லாம் முன், காலை எட்டு மணிக்கு ஈனோக் வழக்கம்போல் எண்ணெய் கேனைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

"இந்தப் புயல்ல எங்கப்பா போறீங்க? வேற வேலையில்லையா?"

"ஷெட்டுக்கு. பனிவண்டிக்கு எண்ணெய்."

"பனிவண்டி ஓடியே ஒரு மாசமாச்சு!"

அவர் காதில் வாங்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டே போய்விட்டார். அரை மணி கழித்துத் திரும்பி வந்தார். கதவருகே பூட்ஸை உதறியபோது குதிகாலிலிருந்து ஒரு கட்டி விழுந்தது. மாவிஸ் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். சேறு. ஈரமான, கறுத்த சேறு. மார்ச் மாதத்தில் எங்கள் ஊரில் கடப்பாறையைப் போட்டாலும் மண்ணில் தீப்பொறிதான் பறக்கும். சேற்றைக் கண்ணால் பார்க்க ஜூன் வரை காத்திருக்க வேண்டும். அவள் நிமிர்ந்தபோது ட்ரெவரும் அந்தச் சேற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மாவிஸ் அவசரமாகத் துடைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். என்ன பதில் வருமோ என்று பயந்து, துணியை அலசப் போய்விட்டாள்.

நான்காம் நாள் வானம் கழுவிவிட்டது போல் இருந்தது. ட்ரெவர் தேநீரைக் குடித்து முடித்துவிட்டு, டார்ச்சை எடுத்தார்.

"ஈனோக் ஐயா, வீட்டுக்கு அடியில பாக்கணும்."

மாவிஸ் முந்திக்கொண்டாள். "சுத்திப் பலகை அடிச்சிருக்கு, புயல் காத்துக்காக. இந்த முனையில எல்லாருமே காத்தடிக்கிற பக்கம் ரெண்டு பலகை அடிச்சுவைப்பாங்க. தூணெல்லாம் அப்பாவே இறக்கினது, அதுல ஒண்ணும்..."

"நானே காட்டறேன் தம்பி," என்றார் ஈனோக்.

கடல் பக்கமாகச் சுற்றிப் போனார்கள். மற்ற வீடுகளைப் போல ஒரு பக்கம் மட்டும் இல்லை, பலகை நான்கு பக்கமும் இருந்தது. இரண்டு அடுக்கு. இடுக்கெல்லாம் பழைய மான்தோல் திணித்து, அதன்மேல் இடுப்பளவுக்குப் பனியை வாரி அணைத்து, மண்வெட்டியால் தட்டி இறுக்கியிருந்தது. அந்தத் தட்டல் மாவிஸுக்குத் தெரியும். அப்பா பிறந்து வளர்ந்தது கடலில் ஒதுங்கிய கட்டைகளால் கட்டிய குடிசையில். அதற்கு இப்படித்தான் பனியை அணைப்பார்கள், உள்ளே பிள்ளைகள் கதகதப்பாகத் தூங்குவார்கள். தரையிலேயே உட்கார்ந்திருக்கும் குடிசைக்கு அது உயிர் காக்கும் வேலை. உறைந்த மண்ணில் தூண் நட்டு நிற்கும் வீட்டுக்கு அதுவே விஷம். இரண்டையும் கரைத்துக் குடித்தவர் ஊரில் ஒருவர் உண்டு என்றால் அது ஈனோக்தான்.

அவர் ஒரு பலகையை நகர்த்தினார். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் அடித்தது. மழை பெய்த தோட்டம் மாதிரி ஒரு மண்வாசனை. குனிந்து உள்ளே போனார்கள். ட்ரெவரின் பூட்ஸ் சேற்றில் கணுக்கால் வரை இறங்கியது.

மூலை அறைக்கு நேர் கீழே, ஒரு தகரத்தின்மேல், சின்ன எண்ணெய் அடுப்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கவிழ்த்துவைத்த ஒரு வாளி, உட்காருவதற்கு. வாளியின்மேல் அம்மாவின் பழைய ஊதா நிறச் சால்வை மடித்துக் கிடந்தது.

மூன்று வருடமாக எண்ணெய்த் தொட்டி சீக்கிரம் காலியாவதற்கு மாவிஸ் விருந்தாளிகளைத்தான் வைதுகொண்டிருந்தாள். 'தயவுசெய்து ஹீட்டரைக் கூட்டாதீர்கள்' என்று ஒவ்வோர் அறையிலும் அட்டை எழுதி ஒட்டியிருந்தாள்.

ட்ரெவர் டார்ச்சை மேலே திருப்பினார். மூலைத் தூண் ஒரு முழம் அளவுக்கு மண்ணில் இறங்கியிருந்தது. அது இறங்கியபோது நடு உத்தரத்தையும் கூடவே இழுத்திருக்கிறது. உத்தரத்தில் ஒரு விரிசல், மாவிஸின் உள்ளங்கை நுழையும் அகலத்துக்கு, ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரைக்கும் ஓடியது. ட்ரெவர் அதில் விரலை வைத்துப் பார்த்தார்.

"எப்ப வச்சீங்க ஐயா இதை?"

"எட்னா படுத்த வருஷம்." ஈனோக் அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எட்மன்டன் ஆஸ்பத்திரில இனிமே ஒண்ணும் செய்யறதுக்கில்லன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அவ வீட்டுக்கு வந்தா. எதைப் போத்தினாலும், 'ஈனோக், கால் ஐஸா இருக்கு, ஈனோக், கால் ஐஸா இருக்கு'ம்பா. ரெண்டு ஜோடி காலுறை போட்டேன். மான்தோல் சுத்தினேன். நானே பிடிச்சுத் தேச்சுவிட்டேன். ஒண்ணும் ஆகல. அப்புறந்தான் பலகை அடிச்சுப் பனியை அணைச்சேன், இதை வச்சேன். அன்னைக்குச் சாயங்காலம் காலைக் கீழ வச்சுட்டு, 'இப்ப நல்லா இருக்கு'ன்னா. வந்த நாளிலேர்ந்து போற நாள் வரைக்கும் அவ நல்லா இருக்குன்னு சொன்னது அது ஒண்ணுதான் தம்பி."

அவர் அத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி மாவிஸ் கேட்டதில்லை. அதற்காக அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம்தான் வந்தது. உச்சந்தலை வரைக்கும் வந்தது.

"அம்மா போய் மூணு வருஷமாச்சுப்பா! மூணு வருஷம்! யாருக்கு எரியுது இது? ஊரையெல்லாம் திட்டினீங்களே, நாலு பெட்டி வச்சதுக்கு! உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சே செஞ்சீங்களா?"

"தெரியும்."

"அப்புறம்?"

"அடக்கம் முடிஞ்சு வந்து அணைக்கத்தான் போனேன். கை வரல." குனிந்து சால்வையின் மடிப்பைச் சரிசெய்தார். "மறுநாளும் போனேன். எண்ணெய் ஊத்திட்டு வந்துட்டேன்."

மாவிஸ் ட்ரெவரின் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அவளுக்கே பிடிக்காத மாதிரி மாறியது.

"ட்ரெவர், நீங்க இதைப் பாக்கலைன்னு வச்சுக்குங்க. வெளிய நின்னு பாத்தீங்க, அவ்வளவுதான். இன்னைக்கே நான் அடுப்பை எடுத்துடறேன். பலகையை எல்லாம் பிடுங்கிடறேன். எங்களுக்கு இதை விட்டா வேற எதுவும் இல்லை."

"மாவிஸ், நான் எழுதாம விடறேன்னு வைங்க. ஏப்ரல்ல ஆறு பேர் இதுக்கு அடியில புகுந்து ஜாக்கி வச்சுத் தூக்குவாங்க. முதல் சாண் தூக்கும்போதே உத்தரம் முறியும். அந்த ஆறு பேர்ல உங்க தண்ணி லாரிக்காரப் பையனும் ஒருத்தன்."

"உத்தரத்தை மாத்திட்டா?"

"மாத்தலாம். ஆனா இந்தச் சேறு மறுபடி இறுகி ஜாக்கியைத் தாங்கறதுக்கு ரெண்டு குளிர்காலம் ஆகும். கரை எத்தனை அடி இருக்கு?"

அந்த எண் அவளுக்கு மனப்பாடம். இருபத்தாறடி இரண்டு செப்டம்பர் புயலைத் தாண்டாது.

"தம்பி எழுதட்டும், மாவிஸ்," என்றார் ஈனோக். "அவரு வேலையை அவரு செய்யட்டும்."

ட்ரெவர் அன்று மதியமே கிளம்பினார், சாலையைத் திறந்துவிட்டார்கள். ஆறு வீடுகள் பட்டியலில் இருந்தன. மாவிஸ் அழுது முடித்த முகத்தோடு அவருக்கு வழிக்கு ரொட்டி கட்டிக் கொடுத்தாள். பழக்கதோஷத்தில், போகிற எல்லாரிடமும் நீட்டுவதுபோல் விருந்தினர் புத்தகத்தையும் நீட்டிவிட்டாள். நீட்டிய பிறகுதான் என்ன செய்கிறோம் என்று உறைத்தது. திரும்ப இழுக்கவும் முடியவில்லை. ட்ரெவர் பேனாவை எடுத்தார். பெயரையும் தேதியையும் எழுதினார். பக்கத்தில் கருத்து எழுத விட்டிருந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெறுமையாகவே மூடிக் கொடுத்தார்.

"ரொட்டி நல்லா இருந்துச்சு மாவிஸ்," என்றார் வாசலில்.

அவர் போனதும் மாவிஸ் அந்தப் புத்தகத்தை மறுபடி திறந்தாள். வெதுவெதுப்பான தரை. அருமையான தரை. நம்ப முடியாத தரை. வந்து போன ஒவ்வொருவரும் வீடு செத்துக்கொண்டிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அவள்தான் அதைப் பெருமையாக எல்லாருக்கும் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

வெளியே கடப்பாறைச் சத்தம் கேட்டது. ஈனோக் பலகைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். லோர்ன் லாரியை நிறுத்திவிட்டு ஓடி வந்து, "தாத்தா, விடுங்க, நான் பண்றேன்," என்றான். அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது, ஊருக்கே தெரிந்திருந்தது. ஈனோக் அவனிடம் கடப்பாறையைக் கொடுக்கவில்லை. இருட்டுவதற்குள் நான்கு பக்கமும் திறந்துவிட்டார். பலகைகளைச் சீராக அடுக்கிவைத்தார். உள்ளே போய் அடுப்பையும் அணைத்தார். மூன்று வருடமாக வராத கை, எல்லாம் கெட்ட பிறகு வந்தது.

மறுநாள் காலையில் மாவிஸ் மூலை அறையைப் பெருக்கப் போனாள். ஈனோக் அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காலுறைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார். வெறும் பாதங்கள் இரண்டும் தரையில் இருந்தன. விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"அப்பா, எழுந்திருங்க. கால் விறைச்சுடும்."

"சில்லுனு இருக்கு," என்றார்.

அன்று அவர் சாப்பிட வரவில்லை. அடுத்த நாளும் அதே இடம், அதே பாதங்கள். மாவிஸ் காலுறையை மாட்டிவிடுவாள், அவள் அந்தப் பக்கம் போனதும் கழற்றிவைப்பார். கோபமாகத் திட்டிப் பார்த்தாள். சூப்பைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துக் கெஞ்சிப் பார்த்தாள். சூப் ஆறி ஆடை கட்டியது. "சில்லுனு இருக்கு," என்று மட்டும் சொன்னார், தன்னுடைய காலைப் பற்றிச் சொல்வது போல அது இல்லை.

மூன்றாம் நாள் லோர்ன் தண்ணீர் நிரப்ப வந்தான். கேலி எதுவும் செய்யவில்லை. குழாயைத் திருகி முடித்துவிட்டு, தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டு நின்றான்.

"காத்து நல்லாப் போகுதுக்கா அடியில," என்றான். "இப்படியே விட்டா மண்ணு இறுகும்ல?"

"இறுகும். ரெண்டு வருஷத்துல."

லோர்ன் விளிம்பைப் பார்த்தான். பிறகு லாரியில் ஏறிப் போய்விட்டான்.

மாவிஸ் வாசலில் வெகுநேரம் நின்றாள். அடியில் நுழைந்த காற்று மறுபக்கம் புறப்பட்டுப் போய்க்கொண்டிருந்தது. அப்பா ஊர் முழுக்கக் கத்தியது இந்தக் காற்றுக்காகத்தான். வீடு இப்போது இருக்க வேண்டிய முறைப்படி இருந்தது, யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லாமல். ஆகஸ்டில் இதைப் பிரித்துப்போடுவார்கள். முதியோர் இல்லத்துத் தரையில் யாரும் அடுப்பு வைக்க விடமாட்டார்கள்.

அவள் ஷெட்டுக்குப் போய் எண்ணெய் கேனை எடுத்துக்கொண்டாள். கடல் பக்கமாகச் சுற்றிவந்து, அடுக்கிவைத்திருந்த பலகைகளில் நான்கை எடுத்து மூலை அறைக்கு அடியில் சாய்த்து, இடுக்கில் மான்தோலைத் திணித்தாள். குனிந்து உள்ளே போனாள். சேறு மேலாக உறைய ஆரம்பித்திருந்தது, அவள் கால் பட்டதும் மெல்லிசாக நொறுங்கியது. அம்மாவின் சால்வையில் பனிப்பொடி படிந்திருந்தது. அதைத் தட்டிவிட்டு வாளியின்மேல் உட்கார்ந்தாள்.

இந்த அடுப்பால்தான் வீடு போனது என்று தெரிந்தே எண்ணெயை ஊற்றினாள். தீக்குச்சியைக் கிழித்தாள். திரி முதலில் புகைந்தது, பிறகு பிடித்துக்கொண்டது. கையை நீட்டிக் குளிர்காய்ந்துகொண்டு காத்திருந்தாள். அரை மணி ஆகியிருக்கும். தலைக்கு மேல் பலகை கிறீச்சிட்டது. அப்பாவின் பாதங்கள் கட்டிலருகிலிருந்து அறையின் நடுவுக்கு மெல்ல நடந்து வந்து, அடுப்புக்கு நேர் மேலே நின்றன.

ஆகஸ்டுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மாவிஸ் கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாள். ஒரு வாரத்துக்கு வரும்.